மார்கழிக்கு மிளகாய்ச் செடியை வீட்டுக்குள்ள தூக்கணுமா?

ராஜபாளையத்தில் மிளகாய்ச் செடிக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடையாது. மார்கழி விடியற்காலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஆண்டாள் கோயிலுக்குப் போகிறார்களே என்றால், அது மனுஷனுக்கு வரும் குளிர். இருபது டிகிரிக்கு முன்னே பின்னே இருக்கும் அந்த ராத்திரி, செடிக்குச் சுகமான ராத்திரி.

ஆனாலும் டிசம்பர் வந்துவிட்டால் சிலர் தொட்டியைத் தூக்கி ஹாலுக்குள் வைக்கிறார்கள். கேட்டால் வெளிநாட்டுத் தோட்டக் குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அந்தக் குறிப்பில் தப்பே இல்லை மக்களே, ஊர்தான் தப்பு! இங்கிலாந்தில் உறைபனி விழுந்தால் மிளகாய்ச் செடி ஒரே ராத்திரியில் கருகிப் போகும். அதனால் அதற்கு முன்பே கிளைகளை வெட்டி, உறையாத அறையில் வைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் காட்டி உயிரைப் பிடித்து வைப்பார்கள். வசந்தத்தில் பழைய வேரிலிருந்து துளிர் வரும். அந்த வருஷம் விதை போட்டவனுக்கு முந்தி இவனுக்குக் காய். அவர்களுக்கு அது புத்திசாலித்தனம்.

இங்கே அதையே செய்தால்? வெயில் இல்லாமல் செடி ஒல்லியாக நீளும், அசுவினி ஏறும். அதற்குப் பரிகாரமாக எல்.இ.டி. லைட் வேறு. மொட்டை மாடியில் சூரியன் சும்மா காய, ஹாலில் கரண்ட் பில் ஏறுகிறது :-)

காப்பியடிக்க வேண்டியதைக் காப்பியடிக்கவில்லை என்பதுதான் எரிச்சல். மிளகாய்ச் செடி ஒரு வருஷத்தில் சாகிற செடி இல்லை. 'கேப்சிகம் ஆனம்' என்று, ஒரு வருஷப் பயிர் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்ததே குளிர்நாட்டுக்காரர்கள்தான். கன்னியாகுமரிப் பக்கம் கொல்லையில் நிற்கும் காந்தாரி மிளகாயை யாராவது வருஷாவருஷம் பிடுங்கி நடுகிறார்களா? (அது வேறு இனம்தான், ஆனாலும் பங்காளி.) நாம் மட்டும் சித்திரையில் பூ கொட்டியதும் செடி முடிந்தது என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடி நாற்றுக்குக் காசு கொடுக்கிறோம். பி.காம். முதல் வருஷப் பாடம் இது. நிரந்தரச் சொத்தை வருஷச் செலவுக் கணக்கில் எழுதினால் எந்த ஆடிட்டரும் திட்டுவார். இங்கே வேர்தான் சொத்து.

செடிக்கு நம்மூரில் கஷ்டகாலம் பங்குனி முதல் வைகாசி வரை. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலே பூ உதிர ஆரம்பிக்கும். அது செத்ததற்கு அடையாளம் இல்லை, ஓய்வு. அப்போது தொட்டியைக் கிழக்குச் சுவர் ஓரமாகவோ முருங்கை நிழலிலோ நகர்த்தி, இலையை அப்படியே விட்டு, சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆனியில் மலைக்காற்று திரும்பியதும் ஒரு அடி உயரத்துக்குக் கவாத்து பண்ணி, மக்கிய சாணம் போட வேண்டும். புதிதாக விதைத்தால் நாற்றுக்கே நாற்பது நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டரை மாதம். பழைய வேருக்கு இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி மிச்சம். மில்லில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து சட்னி அரைக்கிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை. உள்ளே தூக்குவதென்றால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமலிருக்கத் தாழ்வாரத்துக்குத் தூக்கலாம். அவ்வளவுதான்.

'அப்ப விவசாயி ஏன் உழுது போடுறான், அவன் முட்டாளா?' என்று ஒரு கேள்வி வரும். இல்லவே இல்லை. ஏக்கர் கணக்கில் பழைய செடியை விட்டால் இலைப்பேனும் வெள்ளை ஈயும் அதிலேயே தங்கி அடுத்த பயிருக்குத் தாவும். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைப் புது வகை இலைப்பேன் என்ன பாடு படுத்தியது என்று அவர்களுக்குத் தெரியும். மாடியிலும் இதே நியாயம்தான். இலை சுருண்டு குட்டையான செடியில் வைரஸ் இருந்தால் கவாத்தால் போகாது. 'ஆசையா வளர்த்தேன்' என்று அதை வைத்திருப்பது பக்கத்து வீட்டுத் தொட்டிக்குச் செய்யும் துரோகம். அதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆரோக்கியமான செடியை எதற்குப் பிடுங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாலு தொட்டி இருந்தால், வரும் சித்திரையில் ரெண்டை மட்டும் பிடுங்காமல் விடலாம். மற்ற ரெண்டில் வழக்கம்போல ஆனியில் புது நாற்று. எதில் முதல் காய் என்று ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.