மாடுலர் கிச்சன்: கீல், சேனல், கைப்பிடி... எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ஃபிளாட் சாவி கைக்கு வந்ததும் பலரும் போடும் முதல் பெரிய கையெழுத்து மாடுலர் கிச்சன் கொட்டேஷனில்தான். எந்த ப்ளைவுட், லேமினேட் என்ன நிறம், மேடைக்கு கிரானைட்டா குவார்ட்ஸா என்று குடும்பமே உட்கார்ந்து பேசும். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘ஹார்டுவேர் - பிராண்டட் அல்லது அதற்கு இணையானது’. எதிரே ஒரு தொகை. ஒரே அளவு கிச்சனுக்கு ஒருவர் முப்பதாயிரம் என்பார், இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்பார். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், “சார், அது ஜெர்மன் மால்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஒரு வரிக்குள் இருப்பவை என்னென்ன? ஷட்டரைப் பிடித்திருக்கும் கீல், டிராயரை இழுக்கும் சேனல், கைப்பிடி, கம்பிக்கூடைகள், மேல் கேபினெட் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் பம்ப், மூலைக்குள்ளிருந்து வெளியே வரும் ‘மேஜிக் கார்னர்’, ஆள் உயர பேன்ட்ரி யூனிட். இவை அனைத்தும் ஒரே தலைப்பில் வந்தாலும் செலவு விஷயத்தில் ஒரே ஜாதி கிடையாது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

முதலில் ஒரு கணக்கு

எல் வடிவ கிச்சன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 ஷட்டர், 6 டிராயர், 18 கைப்பிடி. ஷட்டருக்கு இரண்டு வீதம் 24 கீல். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். இங்கே கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

சாதாரண ஆட்டோ கீல் ஒன்று 60 ரூபாய் என்றால் 24-க்கு 1,440 ரூபாய். சாஃப்ட் க்ளோஸ் கீல் 200 ரூபாய் என்றால் 4,800. வித்தியாசம் 3,360 ரூபாய்தான். டிராயருக்கு வந்தால், சாதாரண டெலஸ்கோபிக் சேனல் ஜோடி 400 வீதம் 2,400. சாஃப்ட் க்ளோஸ் சேனல் 1,000 வீதம் 6,000. அதையே டேண்டம் பாக்ஸாகப் போட்டால், செட் 5,000 வீதம் 30,000. கைப்பிடியில் 150 ரூபாய் ரகத்துக்கும் 500 ரூபாய் ரகத்துக்கும் நடுவே 6,300 ரூபாய். மேஜிக் கார்னர் ஒன்றே ஒன்று, 25,000.

இப்போது திரும்பிப் பாருங்கள். மொத்தக் கிச்சனுக்கும் நல்ல கீல், நல்ல சேனல் போட ஆகும் 10,800 ரூபாய், மூலையில் இருக்கும் அந்த ஒரு யூனிட்டின் விலையில் பாதிகூட இல்லை. ஆனால் பட்ஜெட் இடித்தால் கொட்டேஷனில் முதலில் குறைக்கப்படுவது பெரும்பாலும் கீலும் சேனலும்தான். அவை உள்ளே இருக்கின்றன, ஷோரூமில் யாரும் திறந்து காட்டுவதில்லை. மேஜிக் கார்னரைத்தான் இழுத்து இழுத்துக் காட்டுவார்கள்.

இதில் கடன் கணக்கும் சேர்கிறது. வீட்டுக் கடன் பதிவுச் செலவோடு தீர்ந்துபோய், இன்டீரியருக்கு பெர்சனல் லோன் போடுபவர்கள் ஏராளம். 12% வட்டி, ஐந்து ஆண்டு என்றால் 25,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 556 ரூபாய் இஎம்ஐ. கட்டி முடிக்கும்போது 33,300 ரூபாயைத் தாண்டியிருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுக்கிற அண்டாவை வைக்கிற மூலைக்கு! ஒரு சாதாரணத் தட்டு போட்டு, குனிந்து எடுத்தால் போதாதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. முழங்கால் வலி உள்ளவர் சமைக்கும் வீடு என்றால் பதில் வேறாக இருக்கலாம். அதனால் முடிவெடுக்கும் நாளில், தினமும் அந்த அடுப்பங்கரையில் நிற்கப்போகிறவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

பின்னால் மாற்ற முடியுமா?

எதற்குச் செலவழிப்பது என்பதற்கு ‘நல்ல பிராண்டா?’ என்பதைவிடப் பயனுள்ள கேள்வி இது. ஐந்து வருடம் கழித்து, வேறு எதையும் உடைக்காமல், இதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா?

கீலை மாற்றலாம். மாடுலர் ஷட்டரின் உள்பக்கம் கீல் உட்காரும் வட்டக் குழி பொதுவாக 35 மில்லிமீட்டர். அநேகமாக எல்லா கம்பெனியும் அந்த அளவில்தான் செய்கின்றன. ஸ்க்ரூ துளை கொஞ்சம் தள்ளி விழலாம், அவ்வளவுதான். கைப்பிடியும் அப்படியே, இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால் போதும். பக்கவாட்டு டெலஸ்கோபிக் சேனலுக்கு டிராயரின் இரு பக்கமும் ஏறத்தாழ அரை அங்குலம் இடம் விடுவார்கள். சாதாரணத்திலிருந்து சாஃப்ட் க்ளோஸுக்குப் பின்னாளில் மாற அந்த இடமே பெரும்பாலும் போதும்.

டேண்டம் பாக்ஸ் கதை வேறு. அதற்கு டிராயரின் அடிப்பலகை, பின்பலகை எல்லாம் தனி அளவில் வெட்டப்படும். இன்று சாதாரண டிராயர், நாளைக்கு டேண்டம் என்றால் பெட்டியையே புதிதாகச் செய்ய வேண்டும். கைப்பிடியே இல்லாத ‘கோலா’ ப்ரொஃபைலும் அப்படித்தான், ஷட்டர் உயரமே அதற்கேற்ப வெட்டப்படுகிறது. மேஜிக் கார்னருக்கும் பேன்ட்ரிக்கும் கேபினெட் அகலம் முதல் நாளே முடிவாக வேண்டும். இவற்றில் எது வேண்டும், வேண்டாம் என்பதை இப்போதே யோசியுங்கள். கைப்பிடிக்கு இப்போது மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. பணம் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மொத்தக் கைப்பிடியையும் மாற்றிவிடலாம்.

மேல்நோக்கித் திறக்கும் கதவு போடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஸ் பம்பின் மேல் 80N, 100N என்று தாங்கும் விசை அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடிக் கதவுக்குக் குறைந்த விசை பம்ப் போட்டால், கதவு மேலே நிற்காது; சமைப்பவர் தலையில்தான் இறங்கும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எத்தனை முறை திறக்கிறோம்?

கீலைத் திறந்து மூடித் திறந்து மூடி இயந்திரத்தில் சோதிப்பார்கள். ஐரோப்பாவின் இஎன் 15570 தரநிலையில் உச்ச அடுக்கு 80,000 முறை. ஆஸ்திரியாவின் பிளம் போன்ற கம்பெனிகள் இரண்டு லட்சம் முறை வரை சோதிப்பதாகச் சொல்கின்றன.

சிங்க்குக்குக் கீழே குப்பைக்கூடை இருக்கும் ஷட்டரை ஒரு நாளைக்கு 20 முறை திறப்பதாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7,300. எண்பதாயிரம் என்பது பதினொரு வருடம், இரண்டு லட்சம் என்பது 27 வருடம். வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் லாஃப்ட் கதவுக்கோ, அதே 80,000 என்பது 1,500 வருடத்துக்கு மேல்! ஆக, கிச்சன் முழுக்க ஒரே ரகம் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சிங்க், மசாலா, தட்டு வைக்கும் இடங்களுக்கு நல்ல கீல், லாஃப்டுக்குச் சாதாரணம். கான்ட்ராக்டர்கள் ‘செட்டா’ விற்கவே விரும்புவார்கள், பிரித்துக் கேட்பது நம் வேலை.

சாஃப்ட் க்ளோஸ் ஆடம்பரமா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. டமால் என்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி போய்ச் சேருவது பலகையில் இறங்கியிருக்கும் ஸ்க்ரூவுக்குத்தான். குழந்தை இருக்கும் வீட்டில் விரல் நசுங்காமல் இருப்பது கூடுதல் லாபம். சின்ன ஷட்டருக்கு இரண்டு கீலில் ஒன்றில் மட்டும் டேம்பர் இருந்தாலும் வேலை நடக்கும்.

டிராயரில் பார்க்க வேண்டியது எடை. கடைகளில் கிடைக்கும் சேனல்களில் 35 கிலோ, 45 கிலோ என்று தாங்கும் எடை போட்டிருக்கும். அதில் டிராயரின் சொந்த எடையும் அடக்கம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்ததும், அதைத் தாண்டுவதற்காகவே 26 கிலோ மூட்டைகள் வந்தது நினைவிருக்கும். அந்த மூட்டையைக் கொட்டும் டிரம், இழுக்கும் பெட்டி எல்லாம் சேர்த்தால் 35 கிலோ சேனலுக்கு மூச்சு முட்டும். அரிசி, இட்லிக் கொப்பரை, குக்கர்கள் வைக்கும் கீழ் டிராயருக்கு 45 கிலோ ரகம். ஸ்பூன் டிராயருக்கு எது போட்டாலும் ஓடும்.

‘எஸ்எஸ்’ என்று போட்டிருந்தால் துரு பிடிக்காதா?

பிடிக்கும். கம்பிக்கூடைகளில் 304, 202 என இரண்டு ரக ஸ்டீல் புழங்குகிறது. 304-ல் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். 202-ல் விலை குறைவதற்காக நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. ஈரமும் உப்பும் படும்போதுதான் 202-ன் சாயம் வெளுக்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்து, “பாருங்க, ஒட்டல, ஒரிஜினல் எஸ்எஸ்” என்பார். 304, 202 இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. நிறம் மாறும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் தெரியும். அது இல்லையென்றால் பில்லில் 304 என்று எழுதி வாங்குவதே வழி.

பெசன்ட் நகர், ஈசிஆர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடல் காற்று வீசும் இடங்களில் கீலுக்கும் இது பொருந்தும். வழக்கமான கீல் நிக்கல் பூச்சு ஏறிய இரும்பு. சிங்க்குக்கு அடியில் மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் கேட்கலாம், நான்கு கீல்தானே.

இதைவிட முக்கியமாக, கீல் எதில் இறங்குகிறது என்பதைப் பாருங்கள். ‘கீல் போச்சு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, உண்மையில் பலகை ஊதி ஸ்க்ரூ பிடிப்பு போனதுதான். தண்ணீர் கசியும் இடத்தில் பார்ட்டிகிள் போர்டு வைத்துவிட்டு அதில் விலையுயர்ந்த கீல் மாட்டுவது, ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி. சிங்க் கேபினெட்டுக்காவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கீலைப் பற்றிப் பேசலாம். பில்டர் கடப்பா கல் ஸ்லாப் வைத்துக் கொடுத்த பழைய வீடுகளில் கதவு மட்டும் போடுபவர்களுக்கோ, கல்லில் ஸ்க்ரூ இறங்காது, முதலில் ஃப்ரேம் அடிக்க வேண்டும். அங்கே டேண்டம் பாக்ஸ் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

‘அதற்கு இணையானது’ என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கம்பெனி பெயர், மாடல் எண், எண்ணிக்கை, சேனலின் நீளம், தாங்கும் எடை வர வேண்டும். ஹெட்டிச், ஹாஃபலே, எப்கோ, கோத்ரெஜ் என்று எதுவானாலும் ஒவ்வொரு பிராண்டிலும் மலிவு ரகமும் உண்டு, உயர் ரகமும் உண்டு. பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது.

ஹார்டுவேரை மட்டும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்தால் கான்ட்ராக்டர் வைக்கும் லாபம் மிச்சமாகும். ஆனால் கார்பென்டரிடம் பட்டியல் வாங்காமல் கடைக்குப் போகக் கூடாது. ஷட்டர் பலகையை முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அமர்கிறதா என்பதைப் பொறுத்து 0, 8, 16 கிராங்க் என்று கீல் மாறும். ஒன்றுக்கு ஒன்று போட்டால் கதவு மூடாது. இந்தப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 18%. “பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்” என்பார்கள். பில் இல்லாமல் வாரன்டி கேட்டுப் போய் நிற்க முடியாது என்பதால் அந்தத் தள்ளுபடிக்கு விலை உண்டு.

தரமில்லாத சரக்கைத் தடுக்க, கீல், அறைகலன் என்று ஒவ்வொன்றாகக் கட்டாய ஐஎஸ்ஐ முத்திரைக்குள் கொண்டுவர மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணைகளை வெளியிட்டு வருகிறது. அறைகலனுக்கான ஆணை 2025 பிப்ரவரியில் வந்தது. பெட்டியில் முத்திரையும் உரிம எண்ணும் இருந்தால், ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டு அசலா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

வேலை முடிந்து சாவி வாங்கும் நாளில் கார்பென்டரிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கீலின் கையில் இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும். எதைத் திருப்பினால் கதவு பக்கவாட்டில் நகரும், எதைத் திருப்பினால் உள்ளே வெளியே நகரும் என்று அவர் ஒரே நிமிடத்தில் காட்டிவிடுவார். ஆறேழு மாதத்தில் எந்த கிச்சனிலும் ஷட்டர் கொஞ்சம் இறங்கும், ஒன்றோடொன்று உரசும். கீலை மாற்ற வேண்டும் என்று அப்போது யாராவது சொன்னால், முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.