நாலு பேரைத் தெரிந்தவள்

நல்லதங்காள் கதையைக் கேட்டு அழாத பெண்கள் நம் ஊர்களில் குறைவு. பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி ஒரு வாய்ச் சோறு போட மறுக்கிறாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். பழி முழுவதையும் அண்ணியின் தலையில் இறக்கிவிட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். "பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி" என்று முடித்துவைக்க ஆண்களுக்கும் இந்தக் கதை வசதியாக இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் வேறொரு கேள்வி உண்டு. ஏழு பிள்ளை பெறும் காலம்வரை ஓர் ஊரில் வாழ்ந்தவளுக்கு, பசி வந்த அன்று போவதற்கு ஏன் ஒரே ஒரு வீடு மட்டும் இருந்தது? அண்ணி கதவடைத்தது ஒரு நாள் வேலை. வேறு கதவு எதுவும் இல்லாதபடி நல்லதங்காளை வளர்த்ததும் வாழவைத்ததும் பல வருட வேலை. அந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கதையில் தண்டனை இல்லை. அவர்கள் கதையிலேயே இல்லை.

நம் பேச்சில் 'நாலு பேர்' என்ற சொல் ஆணுக்கு ஒரு பொருளும் பெண்ணுக்கு வேறொரு பொருளும் தருகிறது. 'அவனுக்கு நாலு பேரைத் தெரியும்' என்றால் அவன் காரியக்காரன். நம்பிப் பெண் கொடுக்கலாம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்றால், பெண்ணே, வீட்டுக்குள் போ. 'அவளுக்கு நாலு பேரைத் தெரியும்' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பாராட்டு வசையாகிவிடும். அவனுக்குச் சொத்தாக இருக்கும் அதே நாலு பேர் இவளுக்குக் காவல்.

ஆண்கள் இதற்காகத் தனியாகப் பாடுபடுவதில்லை. டீக்கடை, சலூன், கிரிக்கெட் மைதானம், கட்சிக் கிளை, சாதிச் சங்கம், டாஸ்மாக் மேசை என்று எல்லாம் அவர்களுக்காகத் திறந்து கிடக்கின்றன. எல்லா ஆண்களுக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை; சாதியும் வர்க்கமும் பார்த்துத்தான் திறக்கின்றன. ஆனாலும் வேலை போன ஓர் ஆணுக்காக மறுநாள் காலை யாரோ ஒருவர் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்று போன் போடுகிறார். அதற்குப் பெயர் உலக அனுபவம். இரண்டு பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கால் மணி நேரம் நின்று பேசினால் அதற்குப் பெயர் வம்பு. அந்த வம்பில்தான் எந்தத் தெருவில் வாடகை குறைவு, எந்த மருத்துவர் காசு பிடுங்கமாட்டார், எவன் கையை எங்கே வைப்பான் என்பதெல்லாம் கைமாறுகின்றன. இதை இழிவுபடுத்துவதால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

பெண்ணிடம் இருக்கும் கொஞ்சநஞ்சத் தொடர்பையும் திருமணம் அறுத்துவிடுகிறது. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வைத்த பிளக்ஸில் இருபது முகங்கள் சிரிக்கின்றன. மணப்பெண்ணின் தோழிகள் வைத்த பிளக்ஸை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊர் மாறுகிறது, சிம் கார்டு மாறுகிறது, முதலெழுத்து மாறுகிறது. முதுகலை வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இன்று எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் தொலைந்து போகவில்லை. மணமாகிப் போனார்கள்.

இதன் விலை கெட்ட காலத்தில் தெரியவரும். என் சக பேராசிரியர் ஒருவரின் கணவர் மாரடைப்பில் இறந்தார். முதல் நாள் வாசல் கொள்ளாத கூட்டம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒருவரும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, வீட்டுக் கடனுக்கு எடுத்த காப்பீடு எங்கே இருக்கிறது, கைமாற்று வாங்கியவர்கள் யார் யார் என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மனிதர்கள் அத்தனை பேரும் கணவரின் கைபேசிக்குள் இருந்தார்கள். அதைத் திறக்கும் எண் இவரிடம் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர், இருபது ஆண்டுகள் வகுப்பெடுத்தவர். அவருக்கு வழி சொன்னது எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா. விதவை உதவித்தொகைக்காக அதே அலுவலகத்தின் படிகளில் பல மாதங்கள் ஏறி இறங்கியவர் அவர். எந்த மேசையில் என்ன கேட்பார்கள், எந்தக் கிழமை அதிகாரி இருப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மகளிர் தினம் வந்தால் கல்லூரிகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வருகிறார்கள். "உன்னால் முடியும் பெண்ணே" என்று மேடையில் முழங்குகிறார்கள். உள்ளே இருக்கும் சக்தியைத் தட்டி எழுப்பச் சொல்கிறார்கள். என் சக பேராசிரியருக்கு சக்தியில் குறைவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு தெரிந்த முகம்தான் இல்லை. பெண்ணைத் தனியாக்கிவிட்டு அவளுக்குத் தைரியம் போதிப்பது, கையைக் கட்டிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுப்பது போன்றது.

2020 ஊரடங்கில் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளம் பாதியானது. பலருக்கு நின்றே போனது. எனக்குத் தெரிந்த பெண்கள் பதினோரு பேர், தேர்வுக் கண்காணிப்புப் பட்டியலைப் பகிர்ந்துகொள்வதற்காக ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தோம். ஒரு நாள் இரவு அதில் ஒருத்தி கேட்டாள்: "யாருகிட்டயாவது மூவாயிரம் இருக்குமா?" இந்த மூன்று சொற்களைத் தட்டச்சு செய்ய அவளுக்கு மூன்று வாரம் ஆனதாம். பணம் வந்தது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் நடந்தது. மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். எந்தப் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும், எங்கே இணையவழி வகுப்பு எடுக்கலாம், எந்த வங்கியில் நகைக்கடன் வட்டி குறைவு என்று செய்திகள் வரத் தொடங்கின. கண்காணிப்புப் பட்டியல் குழுவை வைத்துத்தான் எங்களில் சிலர் அந்த ஆண்டைத் தாண்டினார்கள். குழு முன்பே இருந்ததால் தாண்டினார்கள். வெள்ளம் வந்த பிறகு தோணி கட்ட முடியாது.

இதெல்லாம் சின்னச் சின்ன உதவிதானே, அரசியல் எங்கே என்று கேட்பவர்கள் மூணாறைப் பார்க்கட்டும். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். நிர்வாகம் 10 சதவீதம்தான் என்றது. அவர்களுக்காகப் பேச வேண்டிய தொழிற்சங்கத் தலைவர்கள் ஆண்கள். அந்தத் தலைவர்களைப் பெண்கள் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போது வந்தது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது திடீர் எழுச்சி. லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு, ஒரே சரிவில் வரிசை பிடித்துக் கொழுந்து கிள்ளியவர்களுக்கு, ஒருத்தியின் பிரசவத்துக்கு இன்னொருத்தி துணைபோனவர்களுக்கு அது திடீரென்று வரவில்லை. ஒரு நாள் கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்கும் கோரிக்கை 301இல் நின்றது. பிறகு அமைப்புக்குள் பிளவும் வந்தது. இருக்கட்டும். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசிய 'வம்பு' ஒன்பது நாள் ஒரு மலையையே நிறுத்திவைத்தது.

நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் தொங்கும் உள்ளகப் புகார்க் குழுவின் பட்டியலும் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததில்லை. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவியை ஆதிக்கச் சாதி ஆண்கள் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995இல் கீழ் நீதிமன்றம் அவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் விசாகாவும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயிருந்தன. அதில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013இல் சட்டம் வந்தது. நமக்குச் சட்டம் கிடைத்தது, பன்வாரிக்கு நீதி கிடைக்கவில்லை. அவர் தனியாக விடப்பட்டிருந்தால் நமக்கும் எதுவும் கிடைத்திருக்காது.

பெண்களுக்கிடையேயான தொடர்பின் மதிப்பு நம்மைவிடக் கடன்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, சேமிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது. வீட்டை விட்டு வெளியே வந்து வட்டமாக உட்கார்ந்து பேச ஒரு காரணம். பின்னால் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. சொத்தில்லாத பெண்ணிடம் எதை அடமானமாக வாங்குவது? அவளுடைய அக்கம்பக்கத்தை வாங்கினார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கியவள் இன்று பக்கத்து வீட்டு வாசலில் வசூலுக்கு உட்காருகிறாள். அதைப் பார்த்துவிட்டு அதே திண்ணை சொல்கிறது: "பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி." நம் உறவை அடமானம் வைத்தவனின் பெயர் இந்தக் கதையிலும் இல்லை.

அதற்காக எல்லாத் தொடர்பையும் நான் கொண்டாடவில்லை. அகப்பாடல்களில் அதிகம் பேசுபவள் தோழி. தலைவிக்காகத் தலைவனை மடக்குகிறாள், இரவில் துணைபோகிறாள், அறத்தொடு நிற்கிறாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. ஊழியம் செய்பவளின் மகள் ஊழியம் செய்கிறாள். அந்தத் தோழியின் காதல் எந்தத் திணையில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்பேன். மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் வழி கேட்டு வேலையை முடித்துக்கொண்டு, அவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு நாம் ஒரு போன்கூடப் போடவில்லை என்றால் நாமும் சங்ககாலத் தலைவிகள்தான். நம் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சாதி என்றால் அதற்குத் தோழமை என்று பெயர் வைக்க வேண்டாம். அது சாதிச் சங்கத்தின் மகளிர் அணி.

"காரியத்துக்காகப் பழகுவதா?" என்று சில தோழிகள் கூசுகிறார்கள். இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் கற்றுத்தரப்பட்டது. புருஷனுக்காக, பிள்ளைக்காக எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பல்லைக் காட்டலாம். தனக்காக ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்கலாம், தோழிகளே. கேட்டதைத் திருப்பித் தரும் மனம் இருந்தால் போதும். "நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. சமையலும் பிள்ளையும் வேலையும் போக நமக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களையும் எடுத்துக்கொண்டவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். டீக்கடைக்குப் போக அவர்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?

மாணவிகளுக்குச் சில வார்த்தைகள். உங்கள் கைபேசி எண் உங்கள் பெயரில் இருக்கட்டும்; திருமணத்துக்காக அதை மாற்றாதீர்கள். முக்கியமான எண்களைக் காகிதத்திலும் எழுதிவையுங்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு செவிலியர், அரசு அலுவலகத்தில் ஒருத்தி, உங்கள் துறையில் பத்து வருடம் மூத்தவர் ஒருவர், உங்கள் சாதியோ மதமோ அல்லாத தெருவில் ஒரு வீடு என்று உங்களுக்கான நாலு பேரை இப்போதே சேருங்கள். அவர்களுக்கு நீங்களும் அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருங்கள். வேலை அறிவிப்பு ஒன்றைப் பார்த்தால் உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நேர்காணலுக்குப் போய் வந்தால் என்ன கேட்டார்கள் என்று அடுத்தவளுக்குச் சொல்லுங்கள். எந்த வழிகாட்டியிடம் ஆய்வுக்குச் சேரக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். அதை வம்பு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. இன்று இரவு உங்கள் அம்மாவிடம் அவருடைய பள்ளித் தோழி ஒருவரின் பெயரைக் கேளுங்கள். அவர் கொஞ்சம் யோசிப்பார். பிறகு ஒரு பெயர் வரும்; அந்தப் பெயரோடு ஒரு தெருவோ ஒரு சிரிப்போ சேர்ந்து வரும். எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் மகள் என்று விசாரியுங்கள். அந்தத் தோழியின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அம்மாவின் கையில் கொடுங்கள்.