தளக்கல்லுக்கு முன் தண்ணீர்

கிராமத்து மனையில் வீடு கட்டவிருக்கும் சகோதரர்களே! தரைக்குப் பளிங்கு தேடுமுன் கூரையை அளந்து பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் அது 90,000 லிட்டர்; சிதறியது போக எஞ்சுவதும் சிறிதன்று. தமிழக அரசு 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒப்புக்கு வைத்த குழாயால் யாருக்கு என்ன பயன்? கூரையைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விடுங்கள். பின்னர் வருவதை மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி வழியே கிணற்றில் சேருங்கள். ஒளூச் செய்த நீர் சோப்புக் கலவாதது; வாழைக்குத் திருப்பலாம். சாண எரிவாயுக் கலன் நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கே ஏற்றது. 2 கனமீட்டர் கலனுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். கோடையில் குடம் சுமப்போர் பெண்களே. ஆதலால் வரைபடத்தைக் கொத்தனாருக்கு முன் அவர்களிடம் காட்டுங்கள்.