சொந்தமா ஒரு டேங்கர் லாரி: வண்டி நம்மளுது, லோடு யாருது?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பத்து வருஷம் லாரி ஓட்டிய டிரைவருக்கு ஒரு கட்டத்தில் வரும் யோசனைதான் இது. எத்தனை நாளைக்குச் சம்பளத்துக்கு ஓட்டுவது, சொந்தமா ஒரு வண்டி எடுத்தால் என்ன? அதிலும் டேங்கர் மீது ஒரு தனிக் கண் உண்டு. நெல் லாரி மாதிரி கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டாம். சுமை தூக்க ஆள் தேட வேண்டாம், மழைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டாம். லோடு எண்ணெய் நிறுவனத்துடையது என்றால் வாடகைப் பணம் முங்கிப் போகாது என்ற நம்பிக்கை வேறு.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது எது என்பதை 2025-ல் நாமக்கல் இரண்டு முறை காட்டிவிட்டது.

நாமக்கல்லில் என்ன நடந்தது?

தென் மாநிலங்களில் சமையல் கேஸை சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்குக் கொண்டுபோகும் ‘புல்லட்’ டேங்கர்களின் உரிமையாளர்கள் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். லோடு தருவது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்கள். அவை அறிவித்த புதிய ஐந்தாண்டு டெண்டரின் விதிகளை எதிர்த்து 2025 மார்ச் 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு அச்சு வண்டிகளைவிட மூன்று அச்சு வண்டிகளுக்கு முன்னுரிமை என்பது ஒரு விதி. வண்டியில் கூடுதல் ஆள் இல்லையென்றால் ரூ.20,000 அபராதம் என்பது இன்னொன்று. சில நாட்களில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் ஒதுக்கப்பட்டபோது பல வண்டிகளுக்கு இடமில்லை என்று புகார் எழுந்தது. அக்டோபர் 9-ல் மறுபடியும் வேலைநிறுத்தம். இந்த முறை விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

நிறுவனங்கள் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 3-ல் கோவை உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு வந்த டேங்கர் கவிழ்ந்தது. கேஸ் கசிந்ததால் சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடவேண்டி வந்தது. பாதுகாப்பு விதி கடுமையாவதை யாரும் தப்பு சொல்ல முடியாது. கேள்வி, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான். இருபது வண்டி வைத்திருப்பவர் இரண்டை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுவார். ஒரே வண்டியை, அதையும் கடனில் வாங்கியவருக்கு அச்சு எண்ணிக்கை மாறினாலே தொழில் போய்விடும்.

வாங்குகிறவர் ஒருவர்தான்

சாதாரண லாரிக்கும் டேங்கருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. குறுவை, சம்பா அறுவடையில் நெல் ஏற்றிய லாரி, சீசன் முடிந்ததும் வைக்கோல் ஏற்றும், செங்கல் ஏற்றும், சிமென்ட் ஏற்றும். ஒருத்தர் லோடு தராவிட்டால் இன்னொரு புக்கிங் ஆபீஸ். கேஸ் புல்லட்டில் கேஸைத் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது. பெட்ரோல் ஏற்றிய டேங்கில் நாளைக்குப் பால் ஏற்ற முடியாது. ரிட்டர்ன் லோடும் கிடையாது, திரும்பும்போது காலிதான். அதனால்தான் எண்ணெய் நிறுவன வாடகை போகவர உள்ள மொத்தத் தூரத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஆக, ஒப்பந்தம் இல்லாத டேங்கர் என்பது டியூ மட்டும் ஓடும் இரும்பு.

வண்டி நின்றாலும் ஓடும் செலவுகள் இன்னும் இருக்கின்றன. கேஸ் டேங்குக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். ஆபத்தான சரக்கு ஓட்டும் டிரைவர் மூன்று நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அந்த உரிமத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 40 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே ஆண்டுக்கு ரூ.44,000-க்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கும் டயருக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நிஜமான நிம்மதி. ஆனால் அது வாங்கும் நாளில் கிடைக்கும் நிம்மதி.

வரி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவர் வருமான வரிச் சட்டப்படி கணக்குப் புத்தகம் இல்லாமலே வரி கட்டலாம். 12 டன்னைத் தாண்டிய வண்டிக்கு, மொத்த எடையில் டன்னுக்கு மாதம் ரூ.1,000 வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 40 டன் வண்டி என்றால் ஆண்டுக்கு ரூ.4.8 லட்சம். வண்டி ஓடியதா நின்றதா என்று பார்ப்பதில்லை, உங்கள் பெயரில் இருந்த மாதமெல்லாம் கணக்கில் வரும். வருமானம் அதைவிடக் குறைவு என்றால் கணக்கு எழுதி, தணிக்கை செய்து காட்ட வேண்டும்.

டெல்டாவில் என்ன வாய்ப்பு?

காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி கிணறுகள் இருக்கின்றன. ஆனால் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டுவிட்டது. அந்த வேலை பெரிதாக வளரும் என்று நம்பிக் கடன் வாங்க முடியாது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது ஓடத் தொடங்கும்வரை அதை வைத்தும் கணக்குப் போட முடியாது.

மிச்சமிருப்பதில் ஒருத்தரை மட்டும் நம்பியிராத டேங்கர் எது என்று பார்த்தால், கேட்க அவ்வளவு கௌரவமாக இல்லாத செப்டிக் டேங்க் லாரிதான்! கூப்பிடுகிற ஒவ்வொரு வீடும் ஒரு வாடிக்கையாளர். நிலத்தடி நீர் மேலே இருக்கும் டெல்டாவில் மழைக்காலம் வந்தால் தொட்டிகள் சீக்கிரம் நிரம்பும். 2023 முதல் நகர்ப்புறங்களில் இதற்கு உரிமம் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு ரூ.2,000. கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை ரூ.25,000, அடுத்த முறை ரூ.50,000 அபராதம். தொட்டிக்குள் ஆளை இறக்கினால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் உண்டு.

இந்தத் தொழிலில் லாபத்தை முடிவு செய்வது தூரம். அனுமதிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்தே ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் என்பது அமையும். கேஸ், பெட்ரோல் டேங்கர் எடுப்பவர் விசாரிக்க வேண்டியது வேறு: ஒப்பந்தம் தன் பெயரில் வருமா, அல்லது பெரிய டிரான்ஸ்போர்ட்காரரின் ஒப்பந்தத்தில் ‘அட்டாச்’ வண்டியாக ஓட வேண்டுமா? இரண்டாவது என்றால் ஆர்சி புக்கில்தான் ஓனர். வாடகைப் பணம் அவர் கை தாண்டித்தான் வரும்.