தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

அனலைதீவு பெருந்தொழிற்சாலை எதையும் காணாத ஊர். புகையிலைத் தோட்டமும் பனங்கூடலும் கடலுமே அதன் தொழிற்களங்கள். அவ்வூர் மக்களிடம் பொதியுறைத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பார் உளர். விடை அவர்கள் கண்முன்னே கிடக்கின்றது. இறங்குதுறையில் படகு அணையும்போது கரையேறுவன யாவை? பால்மாப் பை, பிஸ்கட் உறை, சவர்க்காரப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல்! ஒரு காலத்தில் கடகமும் உமலும் பனங்கட்டிக் குட்டானும் நம் பெண்களின் விரல்களே இழைத்த பொதிகள். இன்று பொதி எங்கோ பிறக்கின்றது. பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஆலைகளே வாயில் திறக்கின்றன.

அவ்வுறைமீது எடை உண்டு, விலை உண்டு, காலாவதித் திகதி உண்டு. அதனைச் செய்த கை பத்திரமாக வீடு திரும்பிற்றா என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை!

மையும் பசையும் கரைப்பான்களிலே கரைந்தவை. அவற்றின் ஆவி காற்றிலே கலந்துவிட்டால் ஒரு சிறு மின்பொறி போதும், தீப்பற்ற. உருளைகள் விரலை இழுக்கும். வெட்டும் அலகுகள் கணப்பொழுதும் காத்திரா. ஆகவே ஆலைகள் தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும் முறையை வகுத்துள்ளன. உள்ளகக் கணக்காய்வு என்பது அதன் பெயர். உறையிலே உலோகத் துகள் உண்டா, மையின் வாடை உணவில் ஏறுமா என்பது தர ஆய்வு. தீவாயில் திறந்திருக்கின்றதா, இயந்திரத்துக்குக் காப்புவேலி உண்டா என்பது பாதுகாப்பு ஆய்வு. முன்னதில் பிழை நேர்ந்தால் கொள்வனவாளன் சரக்கைத் திருப்பி அனுப்புவான், முதலாளிக்கு நட்டம். பின்னதில் பிழை நேர்ந்தால் நட்டம் எவருக்கு? இவ்விரண்டில் எதற்கு உள்ளபடியே அஞ்சுவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பங்களாதேஷிலே, டொங்கியிலே, டம்பாக்கோ ஃபாயில்ஸ் என்னும் பொதியுறைத் தொழிற்சாலை இருந்தது. 2016 செப்டெம்பர் 10ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாட்களே இருக்கையில், அங்கே வெடிப்பும் தீயும் எழுந்தன. கட்டடம் சரிந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். கொதிகலன் வெடித்தது என்றனர் முதலில். எரிவாயுக் கசிவு என்றனர் பின்னர். பிணங்களை எண்ணிய பிறகுதான் காரணத்தைத் தேடினர்!

அதே நாட்டில் அதற்கு மூன்றாண்டுகட்கு முன், 2013 ஏப்ரல் 24இல், ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். அதன்பின் உலகம் சற்றே விழித்தது. கொள்வனவு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. ஆலை முதலாளியைச் சாராத பொறியியலாளர் ஆய்வு செய்தனர், ஆய்வறிக்கைகள் பகிரங்கமாயின, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. ஆனால் அந்த உடன்படிக்கை ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியது. சட்டையைத் தைத்தவனுக்குக் காவல் வந்தது. பொதியுறை செய்தவன் வேலிக்கு வெளியே நின்றான்.

சான்றிதழ் இருந்தால் போதாதோ என்பார்க்குக் கராச்சி விடை பகரும். 2012 செப்டெம்பர் 11இல் அங்கே அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே அந்த ஆலை எஸ்.ஏ. 8000 என்னும் பன்னாட்டுத் தொழில்நெறிச் சான்றிதழைப் பெற்றிருந்தது! அது தீவைப்பே என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை மூட்டியது கயவர் கை, ஒப்புக்கொள்கின்றோம். கதவைப் பூட்டியது எவர் கை? சன்னலுக்குக் கம்பியிட்டது எவர் கை? சான்றிதழ் எழுதிய பேனாவுக்கு அப்பூட்டு ஏன் தென்படவில்லை?

சட்டம் படித்தோர் இதில் வியப்படையார். நம் நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு யாது சொல்கின்றது? ஒருவன் தன் வாயால் கூறியதை, சில விலக்குகள் நீங்கலாக, அவனுக்கு எதிராகக் காட்டலாமே அன்றி அவன் தனக்குச் சாதகமாகக் காட்டலாகாது. நீதிமன்றம் ஏற்காததைத் தொழிலாளி மட்டும் ஏற்கவேண்டுமோ? சந்தையைப் பாருங்கள். வியாபாரியின் தராசும் படிக்கல்லும் அரசின் சரிபார்ப்புக்கு உட்பட்டவை. தன் படி சரியென்று அவன் சத்தியம் செய்தாலும் முத்திரை வேண்டும். ஒரு கிலோ சீனிக்கு வெளியார் சாட்சி; ஓர் உயிருக்கு முதலாளியின் சாட்சியே போதுமா?

உள்ளக ஆய்வே கூடாதென்று நாம் வாதாடவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பரிசோதகர் காணாததை நாள்தோறும் நிற்பவன் காண்பான். நேர்மையாக நடக்கும் உள்ளக ஆய்வு உயிர் காக்கும். ஆனால் அது அரசின் கடமைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று முதலாளி சொல்ல, ‘நல்லது’ என்று அரசு கைகட்டி நின்றால், அதன் பெயர் மேற்பார்வை அன்று, கடமை துறத்தல்!

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. சர்வதேசத் தொழில் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இலேயே ஏற்றது. முன்னறிவிப்பின்றி, இரவோ பகலோ, ஆலைக்குள் நுழையும் அதிகாரம் பரிசோதகருக்கு வேண்டுமென்றும், முறையிட்டவரின் பெயரைக் காக்கவேண்டுமென்றும் அச்சமவாயம் விதிக்கின்றது. அரசு அலுவலகத்தின் ஏட்டைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. தனியார் ஆலையின் இரும்புப் பெட்டியிலே தூங்கும் உள்ளக ஆய்வறிக்கையைக் கேட்கத் தொழிலாளிக்கு என்ன வழி?

ஆதலின் நாம் கோருவன நான்கு. உள்ளக ஆய்வுக் குழுவிலே தொழிலாளர் தேர்ந்த பிரதிநிதி அமரவேண்டும். அறிக்கையின் பிரதி தொழில் திணைக்களத்துக்குச் செல்லவேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் ஆலை வாயிலிலே ஒட்டப்படவேண்டும்; தன் உயிரைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியில் வாசிப்பது சலுகை அன்று, உரிமை! குறையைச் சுட்டியவனை வேலைநீக்கம் செய்தல் குற்றமாதல் வேண்டும்.

தீவகத்துத் தாய்மாரே, தந்தையரே! வேலைக்குப் போன பிள்ளையிடம் ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்கின்றீர்கள். இனி ‘தீவாயில் எங்கே? அதன் திறப்பு எவர் கையில்?’ என்றும் கேளுங்கள். வாக்குக் கேட்டுப் படகேறி வருவோரிடம் இந்நான்கு கோரிக்கைகளையும் நீட்டுங்கள். விடை சொல்லாதவர் வந்த படகிலேயே திரும்பட்டும்!