ஒப்புரவு: ஒரு சொல்லின் இரு பொருள்

திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரத்திற்கு 'ஒப்புரவறிதல்' என்று பெயர். உலக நடையறிந்து ஊரார்க்கு உதவி வாழ்தல் என உரையாசிரியர்கள் அதன் பொருளை விரிப்பர். இதே சொல்லைக் கிறித்தவத் தமிழ் வேறு பொருளில் ஆள்கிறது. பாவ மன்னிப்புச் சடங்கினைக் கத்தோலிக்கர் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் 'ஒப்புரவாகுதல்' என்று சொல்லும்போது பகை நீங்கி உறவாதல் என்றே கருதுவர். ஒரே சொல் குறளில் ஊருக்கு உழைத்தலையும், கிறித்தவ வழக்கில் பிரிந்தவர் கூடுதலையும் குறித்து நிற்பது தமிழ் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூடிய பின்னரே உழைக்க இயலும் என்பது பலரது எண்ணம். உழைக்கப் புகுந்தவர்களே கூடினார்கள் என்பதைத் தென்னிந்தியக் கிறித்தவர் வரலாறு காட்டுகிறது. நம் திண்டுக்கல் சமவெளிக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகம் வந்த சீர்திருத்தத் திருச்சபை மிஷன்கள் ஒருவர் வயலில் மற்றவர் ஏர் ஓட்டாதபடி நாட்டை எல்லை பிரித்துக் கொண்டன. திருநெல்வேலி, பெரும்பாலும் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு உரியதாயிற்று. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனார் அடுத்த சில ஆண்டுகளிலேயே திண்டுக்கல்லிலும் நிலைகொண்டனர். ஆகவே ஒருவர் எந்தச் சபையைச் சார்ந்தவர் என்பதை அவர் நம்பிக்கை முடிவு செய்யவில்லை, அவர் பிறந்த தாலுகா முடிவு செய்தது. நாசரேத்தில் ஆங்கிலிக்கராக இருந்தவர் பிழைப்புத் தேடித் திண்டுக்கல் வந்தால் வேறு சபையின் வாயிலில் நிற்க வேண்டியவரானார். இங்கிலாந்தின் பழைய பிணக்குகளுக்காகத் தமிழர் இருவர் தனித்தனிப் பந்தியில் அமர்வது என்ன முறை என்ற வினா எழாதிருக்குமா?

எழுந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். அவர்களுள் இருவர் நீங்கலாக ஏனையோர் இந்தியர். அக்கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். மற்றொருவர் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சார்ந்த வி. சந்தியாகு. பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, அவை நம்மீது ஏற்றப்பட்டவை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அங்குத் தொடங்கிய பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. முடிவைக் காணாமலே 1945 புத்தாண்டு நாளில் அசரியா மறைந்தார். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கழிந்த நிலையில், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே 1908இல் தம்முள் இணைந்திருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபையார் ஆகியோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் ஒன்றாயினர்.

இருபத்தெட்டு ஆண்டுகள் எதற்கு? பேராயர் கைவைத்து அளிக்காத குருப்பட்டம் பட்டமாகுமா என்பதே பெருஞ்சிக்கல். ஆகாது என்றனர் ஆங்கிலிக்கர். பேராயரே தேவையில்லை என்பது காங்கிரிகேஷனல் மரபு. இறுதியில் கண்ட தீர்வு வியக்கத்தக்கது. இனி எல்லாக் குருமாரும் பேராயரிடமே பட்டம் பெறுவர். ஆனால் முன்னர்ப் பணியாற்றி வந்தவர் எவரும் மீண்டும் பட்டம் பெறத் தேவையில்லை. மனச்சான்று ஒப்பாத குரு எச்சபையின் மீதும் சுமத்தப்பட மாட்டார். முப்பது ஆண்டுகள் இவ்வாறு செல்லட்டும் என்று காலத்தையே நடுவராக வைத்தனர். இதற்கு ஆங்கிலிக்கர் கொடுத்த விலையும் சிறிதன்று. இணைந்த மறைமாவட்டங்கள் உலக ஆங்கிலிக்கன் கூட்டுறவிலிருந்து வெளியேற நேர்ந்தது. மீண்டும் அதில் முழு இடம் பெற நாற்பதாண்டுகள் ஆயின. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இவ்விணைப்பை ஏற்காமல் நெடுங்காலம் விலகி நின்றதையும் மறைத்தல் கூடாது.

நம் பகுதி அடங்கிய மதுரை-இராமநாதபுரம் மறைமாவட்டத்திற்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு அகவை 37. அவரோ ஸ்காத்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஊழியர், அதுவரை எந்தப் பேராயரின் கீழும் இருந்தறியாதவர். பேராயர் என்பவரையே கண்டிராத அமெரிக்க மரபுச் சபைகளுக்கும், பேராயரின்றி இயங்கியறியாத இராமநாதபுரத்து ஆங்கிலிக்கச் சபைகளுக்கும் அவர் ஒருவரே தலைவரானார். எவருக்கும் பழக்கமில்லாத ஒருவரைத் தலைவராக்கியதில் ஓர் அழகு உண்டு. 'எங்கள் ஆள் வென்றார்' என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் வாய்ப்பில்லையே!

மொழியில் இக்கூட்டுறவு இன்னும் முன்னரே தொடங்கிவிட்டது என்பது தமிழ்த்துறையார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆங்கிலிக்கரான ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களைச் சார்ந்தோர் இணைந்து திருத்திய தமிழ் வேதாகமம் 1871இல் முழுமையாக வெளிவந்தது. புலவர் முத்தையா பிள்ளை அப்பணியில் பவருக்குத் துணை நின்றார். திருச்சபைகள் இணைவதற்கு எழுபத்தாறு ஆண்டுகள் முன்பே அவற்றின் தமிழ் இணைந்துவிட்டது. பின்னர் 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கடவுளைக் குறிக்க ஒருவர் 'சருவேசுரன்' என்றும், மற்றொருவர் 'பராபரன்' என்றும், பிறிதொருவர் 'தேவன்' என்றும் எழுதிவந்த மரபுகள் 'கடவுள்' என்ற ஒரு சொல்லில் வந்து தங்கின. பழைய நடையே இனிது என்று அதை ஏற்காதார் இன்றும் பலர் உளர். மொழிப்பற்றும் ஒருவகைச் சமயப்பற்றே போலும்.

இனி ஊருக்கு உழைத்தலுக்கு வருவோம். நம் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையால் பெயர் பெற்றது. அவ்வூருக்கு இன்னொரு பெயரும் உண்டு. பேருந்தில் 'ஒட்டன்சத்திரம் போகிறோம்' என்று நோயாளியுடன் செல்வோர் சொன்னால் அது சந்தையைக் குறிக்காது, மருத்துவமனையையே குறிக்கும். மருத்துவர் ஏ.கே. தரியன் முதலானோர் 1955இல் தொடங்கிய கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை ஒரு சபைக்கு உரியதன்று. பல சபை மரபினர் ஒரு குழுவாய்க் கூடி வாழ்ந்து, எளிய ஊதியத்தில் எல்லார்க்கும் மருத்துவம் பார்க்க முனைந்ததன் விளைவு அது. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் சிறிதாகத் தொடங்கிய மருத்துவப் பணி பெருங்கல்லூரியாய் வளர்ந்ததும் பல சபைகள் தோள் கொடுத்தமையால்தான். இவ்விரு மருத்துவமனைகளின் வாயிலிலும் பர்தா அணிந்த தாய்மாரையும், பழனிக்கு மாலையிட்ட அடியாரையும் ஒரே வரிசையில் காணலாம். அவ்வரிசையில் நிற்போருள் எவரும் 1947இன் குருப்பட்டச் சிக்கலைக் கேட்டறிந்தவர் அல்லர்.

கடல் கடந்தும் இதுவே நடைபெறுகிறது. ஆங்கிலிக்கன் மரபின் தாயகத்திற்கு அண்டை நாடாகிய வேல்ஸில் திருச்சபை 1920இல் அரசின் பிடியிலிருந்து விலக்கப்பட்டது. ஆராதனைக்கு வருவோர் குறைந்து, ஒரு குரு பல கோயில்களுக்கு ஓடவேண்டிய நிலை வந்தபோது, 2012இல் அத்திருச்சபைக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை, அண்டைப் பங்குகளை இணைத்துப் பெரும்பரப்புகளாக்கிக் குருமாரும் பொதுநிலையினரும் குழுவாய்ப் பணிசெய்யப் பரிந்துரைத்தது. வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் அருகருகே வழங்கும் நாடு அது. கார்டிஃப் துறைமுகத்திலோ ஏமன், சோமாலியா நாட்டுக் கப்பல் தொழிலாளரான முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆள் குறைந்ததால் வந்த இணைப்புத்தானே என்று இகழ்வாருண்டு. அதனாலென்ன? இல்லாமை கற்பித்த கூட்டுறவும் கூட்டுறவே.

குறையும் சொல்ல வேண்டும். மேலிடத்தில் கூடிய திருச்சபை கீழே தெருவில் எவ்வளவு கூடியது? தமிழகத்தின் சில ஊர்களில் கிறித்தவரிடையே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் இருப்பதை அச்சமயத்துச் சான்றோரே எழுதி வருந்துகின்றனர். மறைமாவட்டத் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் நீதிமன்றம் ஏறுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். காங்கிரிகேஷனலும் ஆங்கிலிக்கனும் என்ற இறக்குமதிச் சுவரை இடித்தவர்கள், உள்ளூர்ச் செங்கல்லால் எழுந்த சாதிச் சுவரை விட்டுவைத்தனர். பிறர் குறையை எண்ணி நாம் மகிழ இதில் ஒன்றுமில்லை. தமிழ் பேசுவோர், உருது பேசுவோர், ஷாஃபி, ஹனஃபி, பழைய ஜமாஅத், புதிய அமைப்பு என்று நம்மிடம் உள்ள சுவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதா.

திண்டுக்கல்லுக்கு உடனடியாக ஒரு பணி காத்திருக்கிறது. தோல் பதனிடும் தொழில் நம் நகருக்கு வாழ்வளித்தது. அதே தொழிலின் கழிவு சுற்றுப்புற ஊர்களின் கிணற்று நீரைக் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது. ஆலை நடத்தியவருள் நம்மவரும் உளர். உப்பேறிய கிணற்றருகே நிலம் வைத்திருந்தவருள் இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் உளர். யார் குற்றம் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். எந்தக் கிணறு குடிக்கத் தக்கது, எது பாசனத்திற்கு மட்டும் ஆகும், எது எதற்கும் ஆகாது என்று ஊர்தோறும் எழுதிவைத்த பொதுப்பட்டியல் ஒன்று அவ்வூர் மக்கள் கையில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், நீர் எடுத்துச் சோதித்தால் போதும். பேகம்பூர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தும் நகரின் தேவாலயங்களும் கோயில் அறங்காவலர்களும் தத்தம் தெருவிலிருந்து பத்து இளைஞரை அனுப்பினால் இது முடியும். வேதியியல் துறையின் சோதனைச்சாலை உதவலாம். கிணறுகளின் பெயர், உடைமை, முன்னாளைய சுவை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதும் வேலையைத் தமிழ் மாணவர் ஏற்கலாம். அவற்றுள் எத்தனை பெயர்கள் மறைந்துகொண்டிருக்கின்றன!

இதற்குக் கொள்கை உடன்பாடு எதுவும் வேண்டுவதில்லை. முதற்கூட்டத்தை எந்த வழிபாட்டு இடத்தில் வைப்பது என்ற பிணக்கு மட்டும் எழக்கூடும். அவ்வாறு எழுமாயின், ஞாயிறு பிற்பகலில் எங்கள் துறையின் பெரிய வகுப்பறை பூட்டியே கிடக்கிறது. முதல்வர் அவர்கள் இசைவளிப்பார்கள் என்றே நம்புகிறேன்.