கயிறும் ஒரு பாடம்தான்!

நம் வொர்க்‌ஷாப்பில் அரத்தால் ராவுவதற்கு மார்க் உண்டு. முடிச்சுப் போடுவதற்கு உண்டா? கப்பல், துறைமுகம் என்று கனவு காண்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எங்க தாத்தா கட்டுமரக்காரர். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார். போகும்போது மறுபடி கட்டுவார். கட்டு இறுக்கமாகவும் இருக்கணும், அலைக்கு மரம் கொஞ்சம் அசைந்தும் கொடுக்கணும். (எந்தப் புத்தகம் படிச்சார்?) ஃபைபர் படகில் போகும் எங்க அப்பாவுக்கும் அந்தக் கை உண்டு.

டெக்கில் திறன்பெற்ற மாலுமி என்று சான்றிதழ் வாங்க, முடிச்சுகளும் கயிற்றுப் பிரிகளைக் கோர்த்து இணைப்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 2010-இல் மணிலாவில் திருத்திய உலக விதி. அதைச் சொல்லித்தரும் கரைப் பள்ளியில் சேரப் பத்தாவது தேறியிருக்கணும். எங்க அப்பா வாசலிலேயே நின்றுவிடுவார்!

ஆடுகிற கப்பலில் நின்று பழக நேரம் ஏது? கரையில்தான் பழகணும். பௌலைன் முடிச்சைப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது. பாரம் நீங்கினால் சுலபமாக அவிழும். படம் பார்த்தால் வராது. இருட்டிலும் விரல் தானாகக் கட்டணும்.

வாரம் ஒரு பீரியடு போதும். சொல்லித்தரக் கடற்கரைப் பெரியவர்களைக் கூப்பிடுவோம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாமல், இன்ஸ்ட்ரக்டருக்கு உண்டான சம்பளமே கொடுப்போம்.